சின்னக் காசில் எடுத்த காதல் நகைச்சுவைப் படம் ஏன் இப்படி மனதில் ஒட்டிக்கொள்கிறது?

செந்தூல்_மதி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை இரவு வீட்டில் அப்பா, அம்மா, தம்பி, நான் நான்கு பேரும் உட்கார்ந்து 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' பார்த்தோம். 2012-இல் வந்த படம். எனக்கு அது நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அம்மாவுக்கு முதல் தடவை. கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை கிரிக்கெட் விளையாடப் போய், விழுந்து, தலையில் அடிபட்டு, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணையே மறந்துவிடுகிறான். அது யாருக்கும் தெரியாமல் கல்யாணத்தை முடித்துவைக்க மூன்று நண்பர்கள் படாதபாடு படுகிறார்கள். அவ்வளவுதான். வெளிநாடு இல்லை, மாளிகை இல்லை, பத்துப் பேரைப் பறக்கவிடுகிற சண்டை இல்லை. ஆனால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வரவேற்பு மேடைக் காட்சியில் "டேய், அவனைத் தனியா விடாதீங்கடா" என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சத்தமே போட்டார். மறுநாள் காலை தோசை ஊற்றும்போதுகூட அந்த மாப்பிள்ளை மாதிரியே பேசிக்காட்டினார்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் இதே நான்கு பேரும் திரையரங்குக்குப் போய் ஒரு பெரிய படம் பார்த்தோம். திரும்பி வரும்போது காடியில் (காரில்) யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை, நேராகச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினோம்.

இப்போது இதை ஏன் கேட்கிறேன் என்றால், நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து 15 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறோம். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு காதல் நகைச்சுவைப் படம் எடுக்க ஆசை. கோலாலம்பூர் செந்தூலில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பையன், பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் பெண். கதை இன்னும் முழுதாக அமையவில்லை, அதற்குள் சண்டை வந்துவிட்டது. இரண்டு பேர் டிரோன் வாடகைக்கு எடுக்க வேண்டும், கேமரன் மலைக்கு இரண்டு நாள் போய்ப் பாட்டு எடுக்க வேண்டும் என்கிறார்கள். நான் அந்தக் காசை நடிகர்களுக்கும் ஒத்திகைக்கும் செலவழிப்போம் என்கிறேன். "பார்ப்பவர்களுக்கு அந்த ஆட்களைப் பிடித்துவிட்டால் போதும்" என்று சொன்னால், "அது எப்படிப் போதும்?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் படங்களில் நம்மைப் பிடித்து வைப்பது என்ன?

தொகுப்பு_மேசை:

மதி தங்கச்சி, நான் உங்கள் பக்கம். பன்னிரண்டு வருடமாகக் கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் டெலிமூவிகளுக்கும் (தொலைக்காட்சிக்கென்றே எடுக்கிற படங்கள்) தொகுப்பு வேலை பார்க்கிறேன். என் மேசையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சிரிப்பு பேசுகிறவர் முகத்தைவிட கேட்கிறவர் முகத்தில்தான் அதிகம் இருக்கிறது. நீங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். விஜய் சேதுபதி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பத்தாவது தடவையும் நமக்குச் சிரிப்பு வருகிறது, ஏன்? பக்கத்தில் நிற்கிற மூன்று பேரின் முகமும் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே போகிறது. முதலில் கவலை, அப்புறம் பயம், அப்புறம் அலுப்பு, அப்புறம் இவனை அடித்துவிடலாமா என்கிற கோபம். ஒரு தடவை, அந்த நண்பர்களில் ஒருவராக வரும் பகவதி பெருமாளின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டே படத்தை ஓட்டிப் பாருங்கள், வேறு ஒரு படம் மாதிரி இருக்கும்.

அவர்கள் எல்லாரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது நடிகர்கள் கையில் இருக்கிறது. அதையே நான் ஆளுக்கொரு நெருக்கக் காட்சியாக வெட்டி ஒட்டினால் வசனம் இருக்கும், சிரிப்பும் கொஞ்சம் இருக்கும், ஆனால் அவர்களுக்குள் இருக்கிற நட்பு காணாமல் போய்விடும். பெரிய நடிகர்கள் என்றால் பல நேரம் வேறு வழியும் இருக்காது, ஒருவருக்குத் தேதி கிடைத்த நாளில் இன்னொருவருக்குக் கிடைக்காது, தனித்தனியாக எடுத்து என்னிடம் கொடுத்துவிடுவார்கள். சின்னப் படத்தில் எல்லாரும் காலையிலிருந்து இரவு வரை ஒரே வீட்டில் கிடக்கிறார்கள், ஒரே பொட்டலச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அது படத்தில் தெரியும். எப்படித் தெரிகிறது என்று என்னால் அளந்து காட்ட முடியாது, ஆனால் ஒருவரை ஒருவர் தோளில் கை போடுகிற விதத்திலேயே தெரியும்.

இன்னொன்று. அந்தப் படம் அதன் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு உண்மையிலேயே நடந்த சம்பவம். நினைவு தப்பிப்போன அதே ஆள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார், இயக்குநர் பாலாஜி தரணீதரன் அவருடைய நண்பர். (இதே பிரேம்குமார்தான் பிறகு 2018-இல் '96' படத்தை இயக்கினார்.) அப்படி ஒருவர் கூடவே இருக்கும்போது நடிகர்கள் நண்பர்களாக நடிக்கிறார்களா, நண்பர்களாகவே இருக்கிறார்களா என்கிற கோடு அழிந்துபோகிறது.

நாயகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது விஜய் சேதுபதி பெரிய பெயர் இல்லை, அதற்குச் சற்று முன்புதான் 'பீட்சா' வந்திருந்தது. அதனால் அவரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் படத்துக்கு இல்லை. மாப்பிள்ளை வேடத்தில், முகத்தில் பவுடரோடு, ஒன்றுமே புரியாமல் மேடையில் நிற்கிறார். காதல் நகைச்சுவைக்கு நாயகன் அப்படி நிற்கக்கூடியவனாக இருக்க வேண்டும். அவன் விழுவானா எழுவானா என்று நமக்குத் தெரியாதபோதுதான் அவன் மேல் ஒரு பாசம் வருகிறது.

காசை எதில் போடலாம் என்று கேட்டால் முதலில் ஒலிக்குப் போடுங்கள். சட்டையில் குத்துகிற சின்ன மைக், அதைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள். காட்சி எடுக்கும்போது மேல்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. நான் வேலை செய்த ஒரு டெலிமூவியில் நாயகி ஒரு இடத்தில் எழுதிக் கொடுக்காத ஒரு சிரிப்பு சிரித்தாள், அவ்வளவு இயல்பான சிரிப்பு. முழுக்க விசிறிச் சத்தம். மூன்று வாரம் கழித்துக் குரல்பதிவு அறையில் அந்தப் பெண்ணை நிற்கவைத்து அதே சிரிப்பைக் கேட்டோம், முப்பது தடவைக்கு மேல் முயன்றும் வரவில்லை. கடைசியில் அந்த இடத்தில் இசையைப் போட்டு மூடினோம். இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

கிள்ளான்_ரவி:

எனக்கு இதில் பாதிதான் ஒப்புதல். நல்ல முகங்கள், நல்ல நட்பு, எல்லாம் சரி. ஆனால் நம் ஊர்ப் படம் என்று ஆதரவுக்காகப் போய்ப் பார்த்தவற்றில் எனக்குப் பிடித்த ஆட்கள் ஐந்து பேர் இருந்தும் அரை மணி நேரத்தில் கையில் தொலைபேசியை எடுத்த அனுபவம் நிறைய உண்டு. அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கிறார்கள், கலாய்க்கிறார்கள், பாட்டு வருகிறது, மறுபடியும் தே தாரிக். யாருக்கும் எதுவும் அவசரமாக வேண்டியிருக்காது.

கதையில் ஒரு சிக்கல் என்கிற கயிறு கட்டிக் கொடுத்தால்தானே கழைக்கூத்தாடி நடந்து காட்ட முடியும்? பாக்யராஜ் எழுதி இயக்கி நடித்த 'இன்று போய் நாளை வா' (1981) படத்தில் கயிறு எவ்வளவு எளிமை பாருங்கள். மூன்று நண்பர்கள், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், மூன்று பேருக்கும் அவள் வேண்டும். யார் அவள் வீட்டுக்குள் எந்த வழியாக நுழைவது என்பதுதான் படமே. அவள் அப்பாவிடம் இந்தி படிக்கப் போகிற காட்சியை இன்றைக்கும் மக்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2022-இல் 'லவ் டுடே' எடுத்துக்கொண்டால் பெண்ணின் அப்பா சத்யராஜ் ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார், ஒரு நாள் இருவரும் தொலைபேசியை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எழுதியவர் சும்மா இருந்தாலும் கதை ஓடும். பிரதீப் ரங்கநாதன் முதலில் அதைக் குறும்படமாக எடுத்துப் பார்த்தவர். 'காதலில் சொதப்புவது எப்படி' படமும் பாலாஜி மோகன் குறும்படமாக எடுத்ததிலிருந்துதான் 2012-இல் முழுப் படமானது. சின்ன அளவில் கயிறு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டு பேருமே பெரிதாக்கினார்கள்.

அதனால் மதி, டிரோனா ஒத்திகையா என்கிற சண்டையைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள். உங்கள் கடைக்காரப் பையனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் என்ன சிக்கல்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தண்ணீர்மலை_அக்கா:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 61. படம் எடுப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது, பார்ப்பதைப் பற்றி மட்டும் தெரியும். மதி கண்ணு, உன் அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துச் சத்தம் போட்டார் என்று எழுதினாயே, உன் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் அம்மா அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் பெண்வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். பெரிய படத்தில் நாம் தூரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம், சின்னப் படத்தில் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். பாத்திரம் கழுவுகிற இடம், செருப்பு விடுகிற இடம், யாருக்கு யார் மேல் கோபம் என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது?

எங்கள் அம்மா 'காதலிக்க நேரமில்லை' படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கே கிடையாது. 1964-இல் ஸ்ரீதர் எடுத்தது. அதைச் சின்னப் படம் என்று சொல்ல முடியாது, கலர் படம், பெரிய பாட்டுகள். ஆனால் அதில் நாயகனாக வந்த ரவிச்சந்திரன் அன்றைக்குப் புதுமுகம், அதோடு மலாயாவில் பிறந்தவர். எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லமாட்டார்கள், "நம்ம ஊர்ப் பையன்" என்றுதான் சொல்வார்கள். அவர் திரையில் வந்ததும் அம்மா முகத்தில் ஒரு பெருமை வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கின மாதிரி.

அந்தப் படத்தில் எல்லாரும் நினைவு வைத்திருப்பது எது? நாகேஷ், தான் எடுக்கப் போகிற படத்தின் கதையை அப்பா பாலையாவுக்குச் சொல்கிற காட்சி. ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர். நாகேஷ் வாயாலேயே சத்தம் போட்டுப் பேய்க்கதை சொல்கிறார், பாலையா கேட்கிறார், அவ்வளவுதான். மேலே தொகுப்பு வேலை பார்க்கிற தம்பி சொன்னாரே, கேட்கிறவர் முகம் என்று, அதைப் படித்ததும் எனக்குப் பாலையாவின் முகம்தான் கண்முன் வந்தது. சிரிக்கவைப்பது அந்தப் பயந்த முகம். இதற்கு என்ன செலவு ஆகியிருக்கும் சொல்லுங்கள். இரண்டு நாற்காலி, இரண்டு மகா நடிகர்கள்.

இதிலிருந்து உனக்கு ஒன்று சொல்வேன். காதலிக்கிற இரண்டு பேரை மட்டும் வைத்துப் படம் எடுக்காதே. அவர்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். அப்பா வேண்டும், அத்தை வேண்டும், கடைக்கு முன்னால் சும்மா வந்து உட்கார்கிற ஒரு பெரியவர் வேண்டும். சின்னப் பிள்ளைகள் காதலை நம்மைப் போன்றவர்கள் அந்தப் பெரியவர்கள் கண் வழியாகத்தான் பார்க்கிறோம்.

பட்டர்வொர்த்_ஃபெரி:

அக்கா சொன்னது 'செபெட்' படத்துக்கும் அப்படியே பொருந்தும். மலேசிய இயக்குநர் யாஸ்மின் அகமது எடுத்த படம், 2005-இல் நம் திரையரங்குகளுக்கு வந்தது. ஈப்போவில் ஒரு மலாய்ப் பெண்ணுக்கும் திருட்டு விசிடி விற்கிற சீனப் பையனுக்கும் காதல். நான் பிறந்த ஊர் ஈப்போ, அதனால் எனக்கு அந்தப் படம் ஒரு படி கூடுதல். முடிவு கனமானது, முழு நகைச்சுவை என்று சொல்லமாட்டேன், ஆனால் முக்கால்வாசி நேரம் முகத்தில் புன்னகையோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காரணம் நாயகி ஷரிஃபா அமானி மட்டும் இல்லை. அவள் வீட்டில் இருக்கிற அம்மா இடா நெரினா, அப்பா ஹரித் இஸ்கந்தர், வேலைக்கார அக்காவாக வருகிற அதிபா நூர், இவர்கள் மூன்று பேரும் இருக்கிற வீட்டுக்குள் எப்போது போனாலும் யாராவது யாரையாவது சீண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெண் பயமில்லாமல் காதலிப்பாள் என்று நாம் நம்பிவிடுகிறோம். யாஸ்மின் அதற்கு முன்னால் விளம்பரப் படங்கள் எடுத்தவர், பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்தின் பண்டிகை விளம்பரங்களை நம் தலைமுறையில் மறந்தவர் யார்? ஒரு நிமிடத்தில் ஒரு குடும்பத்தைப் பிடிக்கவைக்கத் தெரிந்தவர்.

அப்புறம் பேச்சு. இது எனக்கு ரொம்ப முக்கியம். 'செபெட்'டில் ஆட்கள் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று மொழி மாறுகிறார்கள், நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே. தமிழில் 2018-இல் விமலா பெருமாள் இயக்கி டேனிஸ் குமாரும் சங்கீதா கிருஷ்ணசாமியும் நடித்த 'வெடிகுண்டு பசங்கே' வந்தபோது திரையரங்கில் எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி, நம் ஊர்த் தமிழ் வருகிற இடமெல்லாம் பேரனைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வசனத்தில் பெரிய நகைச்சுவை இருந்ததால் மட்டும் வருகிற சிரிப்பு இல்லை அது. நாம் வாக்கியக் கடைசியில் போடுகிற "லா" என்று ஒரு வார்த்தை சரியான இடத்தில் விழுந்தால் போதும், ஆள் நம் ஆள் ஆகிவிடுகிறார்.

மதி, தயவுசெய்து உங்கள் செந்தூல் பையனைச் சென்னைத் தமிழ் பேசவைக்காதீர்கள். அவனைக் "காடி" என்றே சொல்லவிடுங்கள், "வெள்ளி" என்றே சொல்லவிடுங்கள்.

செந்தூல்_மதி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் அப்படியே நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினோம்.

ரவி அண்ணா, சிக்கல் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் பாட்டி ஒரு பழைய பட்டன் தொலைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். அதில் இறந்துபோன தாத்தாவின் குரல் ஒரு பதிவாக இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்கிற பத்து விநாடி. பையன் கை தவறி அதை அழித்துவிடுகிறான். சொல்லப் பயந்து "பாகம் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தடிக்கிறான். பேத்தி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கேட்க வருகிறாள். அவள் வர வர அவனுக்கு அவளைப் பிடித்துப்போகிறது, பிடிக்கப் பிடிக்க உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிறது. கடைக்கு முன்னால் வந்து உட்கார்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். இது அக்கா கொடுத்தது.

கேமரன் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. டிரோன் கேட்ட நண்பனுக்காக, அடுக்குமாடி மொட்டைமாடியிலிருந்து கேடிஎம் ரயில் போவதைக் கையில் பிடித்த கேமராவில் ஒரு காட்சி எடுக்கிறோம், அவனும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். பத்து நாள் ஒத்திகை, பிறகு நான்கு நாள் படப்பிடிப்பு. பையனாக நடிக்கிறவனும் பெண்ணாக நடிக்கிறவளும் முதல் நாள் வாசித்தபோது ஒருவரை ஒருவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூன்றாவது நாள் அவன் வசனத்தை மறந்துபோய் முழித்தான், அவள் அவனுக்காக அவன் வசனத்தைச் சொல்லிவிட்டு அதற்குத் தானே பதிலும் சொன்னாள். அதை அப்படியே படத்தில் வைத்துக்கொள்கிறோம்.

பாட்டி வேடத்துக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தோம், எல்லாரும் கேமரா என்றதும் பின்வாங்குகிறார்கள். பழக்கமுள்ள நடிகை ஒருவர் கேட்கிற தொகை எங்களால் முடியாது.

கிள்ளான்_ரவி:

இது தாங்கும் கயிறு. அவன் எந்த இடத்தில் உண்மையைச் சொல்கிறான் என்பதை மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். பேத்தியிடம் முதலில் சொல்கிறானா, பாட்டியிடம் முதலில் சொல்கிறானா? எனக்குப் பாட்டியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பாட்டிக்கு அது முதல் வாரமே தெரியும் என்றால் இன்னும் நன்றாக இருக்கும்.

தண்ணீர்மலை_அக்கா:

ரவி தம்பி சொன்னதுதான் சரி. பாட்டிக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேத்தியை ஒவ்வொரு நாளும் கடைக்கு அனுப்புகிறார்.

மதி கண்ணு, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் மேடை ஏறியதற்குப் பிறகு நான் நடித்தது கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது, அவர் குரல் என் தொலைபேசியில் இருக்கிறது, அதனால் அந்தப் பாட்டி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். காசு எதுவும் வேண்டாம். சனிக்கிழமை காலை பட்டர்வொர்த்தில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் மதியம் கேஎல் சென்ட்ரல் வந்துவிடுவேன், தங்குவதற்கு ராவாங்கில் தங்கை வீடு இருக்கிறது. என்ன நிறத்தில் சேலை கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்.

தொகுப்பு_மேசை:

அக்கா, எந்த நிறமானாலும் பரவாயில்லை, பட்டு மட்டும் வேண்டாம். மைக்கில் சரசரவென்று விழும். பழைய நூல் சேலையாக எடுத்து வாருங்கள். கேஎல் சென்ட்ரலுக்கு நான் காடி எடுத்துக்கொண்டு வருகிறேன்.